புதையலும் புதையுண்டோரும்

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறிச் செல்லும் வீதியை இலங்கை வரலாற்றின் ஒரு குறுக்குவெட்டு எனலாம். பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ஹிந்தகல விகாரை. கி. பி. 6 ஆம், 7 ஆம் நூற்றாண்டுகளுக்குரியனவாகக் கருதப்படும் ஓவியங்களின் எச்சம் அதன் பாறையிலே உண்டு. மேலும் ஏறினால் நிலம்பை வரும். கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கன் (1635–1687) மாளிகை அமைத்து வாழ்ந்த இடம் அது. 1664 ஆம் ஆண்டில் அவனுக்கெதிராகக் குடிகள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். அக்காலத்திற் கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681 இல் வெளியான தன் நூலில் அக்கிளர்ச்சியை விவரித்துள்ளான். நிலம்பைக்கு அப்பாற் கலஹா, அதற்கப்பால் தெல்தோட்டை, அதற்கும் அப்பால் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துர. ஓவியமும் அரண்மனையும் பெருந்தோட்டமும் ஒரே வீதியில் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய இடங்கள் நாட்டிலே பல இல்லை.

இத்துணை வளமான நிலத்தைப் பற்றிப் பொதுமக்களின் நாவிலே முதலில் எழும் சொல் எது? வரலாறு என்பதன்று, புதையல் என்பதே. கண்டிச் சீமையிற் பழைய மாளிகை இருந்த இடமெங்கும் புதையற் கதையும் உடனிருக்கும். பகைவர்க்கு அஞ்சி ஓடிய அரசன் பொன்னை மலையிற் புதைத்தான். புதைத்தவரின் தலையைக் கொய்தான். அன்று தொட்டுப் பைரவன் அதனைக் காத்து நிற்கின்றான். பலி கொடுத்தால் வழி விடுவான். கண்டி நகரை நோக்கி நிற்கும் பஹிரவகந்தை என்னும் குன்றின் பெயரே அந்நம்பிக்கையைச் சொல்வது. கன்னிப் பெண்ணொருத்தியை அக்குன்றிலே பலிக்கென விட்ட கதையை ஊரார் இன்றும் கூறுவர். கதை கதையாகவே இருந்தவரை தீங்கில்லை. அக்கதையை நம்பி நள்ளிரவில் மண்வெட்டி எடுக்கும்போதுதான் கேடு தொடங்குகின்றது. இன்று மண்வெட்டியோடு உலோகங்காட்டும் கருவியும் வெடிமருந்தும் மண்வாரி இயந்திரமும் சேர்ந்துவிட்டன. புதையல் தோண்ட முற்பட்டோர் கைதாகினர் என்னும் செய்தி நாளேடுகளில் இடைவிடாது வருகின்றது. வாசகர் அதனை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றனர். ஆனால் அஃது ஒரு கொலைச் செய்தி. கொல்லப்பட்டது வரலாறு என்பதனாற் பிரேத விசாரணை நடைபெறுவதில்லை, அவ்வளவே.

கொலை என்னும் சொல் மிகையெனத் தோன்றலாம். தொல்லியல் என்னும் துறை எதன்மீது நிற்கின்றது என்பதை அறிந்தோர் அவ்வாறு கருதார். மண் படை படையாகப் படிகின்றது. கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது. ஓர் ஓட்டுத்துண்டு எந்தப் படையிலே, எதன் அருகிலே, எந்த நிலையிற் கிடந்தது என்பதுதான் அதன் மொழி. அதனைப் பிடுங்கி எடுத்த அக்கணமே அஃது ஊமையாகின்றது. அகழ்வாய்வாளனும் மண்ணைக் கலைக்கத்தான் செய்கின்றான். ஆனால் ஒவ்வொரு படையையும் அளந்து, வரைந்து, எழுதிய பின்னரே கலைக்கின்றான். புதையல் தேடுவோனோ ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டு அட்டையிலுள்ள பொன்முலாத்தைச் சுரண்டுபவன். அவன் பொன்னைக் கண்டெடுத்தாலும் ஏடு போய்விட்டது, கண்டெடுக்காவிடினும் போய்விட்டது.

உலகப் புகழ்பெற்ற புதையல் வேட்டைக்காரர்களும் இவ்விதிக்கு விலக்கானவர் அல்லர். திரோய் நகரைத் தேடிய செருமானியரான சிலிமான், துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டினைக் குறுக்கே பிளந்து பெரும் பள்ளம் தோண்டினார். 1873 இல் அவர் கையிற் கிடைத்த பொன்னணிகளைப் பிரியாம் மன்னனின் புதையல் என்று உலகுக்கு அறிவித்தார். பின்வந்த ஆய்வு கூறியது என்ன? அப்பொன், திரோயப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்டது. அவர் தேடிய காலத்துக்குரிய படைகளின் பெரும்பகுதியையோ அவரே வெட்டி அப்புறப்படுத்தியிருந்தார். தேடியதைத் தேடும் அவசரத்திலேயே அழித்த வரலாறு அது. அப்பொன்னும் அமைதியாக ஓரிடத்தில் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியிற் பேர்லினிலிருந்து மொஸ்கோவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1990 களில்தான் அங்கிருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. கொள்ளைப் பொருள் கொள்ளையையே ஈர்க்கும் போலும்.

'மண்ணுக்குள் வீணே கிடக்கும் பொன்னை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?' என்று வினவுவோர் உளர். அவர்கள் மூன்று பொருள்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, 1961 இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பாலுள்ள பெரிய பாசஸ் பாறைத் தொடரிற் கண்டெடுக்கப்பட்ட வெள்ளி நாணயங்கள். ஆதர் சி. கிளார்க் தம் நூலொன்றில் விவரித்த கண்டுபிடிப்பு இது. அவை ஒளரங்கசீப்பின் ஆட்சியில், சூரத்து நாணயச்சாலையில், கி. பி. 1702 அளவில் அடிக்கப்பட்டவை. அவற்றிற் பல தனித்தனியே கிடைக்கவில்லை. அவற்றை இட்டுக் கட்டிய பை கடலில் உக்கிப்போன பின்னரும், பையின் வடிவிலேயே இறுகிப்போன கட்டிகளாகக் கிடைத்தன. ஒரே சாலையில் அடித்த நாணயம் பை பையாகக் கப்பலேறியது என்ற வணிகச் செய்தியைச் சொல்வது அக்கட்டியின் உருவமேயன்றி வெள்ளியின் எடையன்று. உருக்கி விற்றிருந்தால் மிஞ்சியிருக்கக் கூடியது வெள்ளியின் விலை மட்டுமே.

இரண்டாவது, காலியின் மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் கோவின் பயணத்தையொட்டி 1409 ஆம் ஆண்டினைக் குறித்துச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்ட அக்கல், 1911 இற் காலி நகரிலே ஒரு மதகினை மூடிய பலகைக் கல்லாகக் கிடந்தது. தென்னாசியக் கடல்வழியிலே தமிழ் பெற்றிருந்த இடத்துக்கு அதனினும் சிறந்த சான்று அரிது. அதில் ஒரு குன்றிமணிப் பொன்னும் இல்லை. மூன்றாவது, 1980 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்விற் கிடைத்த சிறு முத்திரை. விரல்நுனியளவேயான அதன்மேற் குறியீடுகள் ஒரு வரியும் பிராமி எழுத்துகள் ஒரு வரியும் உள. மனித எலும்புக்கூட்டின் அருகே, ஈமப் பொருள்களோடு கிடந்தது என்ற குறிப்பு இல்லையேல் அது வெறும் சிறு துண்டே. புதையல் தேடுவோன் கையில் அகப்பட்டிருந்தால் பொன்னன்று எனக் கண்டு எறிந்திருப்பான்.

அரசனின் பொன் எங்கே என்று கேட்போர்க்கும் விடை உண்டு. அதனை மலையிலே தேட வேண்டியதில்லை, ஆவணங்களிலே தேடலாம். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது எடுத்துச் சென்ற பீரங்கியும் வாள்களும் துப்பாக்கிகளும் அம்ஸ்ரர்டாமின் அரும்பொருட்சாலையில் இருந்தன. ஆறு பொருள்கள் 2023 டிசம்பரிலேதான் இலங்கைக்குத் திரும்பின. 1815 இல் ஸ்ரீவிக்கிரம இராசசிங்கன் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட பின், அவனுடைய அணிகலன்கள் 1820 இல் இலண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டன. சிங்காசனமும் முடியும் இங்கிலாந்து சென்று 1934 இல் மீண்டன. ஆக, கண்டிப் புதையலைத் தோண்டியெடுத்த மாபெருங் கூட்டத்தினர் நள்ளிரவிற் பூசை போட்டவரல்லர். பட்டப்பகலிற் கொடி பிடித்து வந்த பேரரசுகள். எஞ்சியிருப்பது பேராசைக் கதையொன்றே. அக்கதைக்காகவே ஹிந்தகலைகளும் நிலம்பைகளும் இன்று அஞ்ச வேண்டியுள்ளது.

இக்கதையின் பொருளாதார அடித்தளத்தையும் நோக்குதல் வேண்டும். குழி தோண்டுபவன் யார்? பெரும்பாலும் நாட்கூலிக்கு அழைக்கப்பட்ட ஏழை. கருவியும் வாகனமும் பணமும் தருபவன் குழிக்குள் இறங்குவதில்லை. தோட்டப்புறத்திலே ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்பதே பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இல் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட வேண்டியிருந்தது. அவ்வாறிருக்கையில், ஓர் இரவுக்குப் பல மடங்கு தருவதாகச் சொல்பவனின் பின்னே செல்லும் இளைஞனை ஒழுக்கவுரையால் மட்டும் தடுக்கவியலாது. உழைப்பு உரிய ஊதியம் தராத சமுதாயத்திலேதான் உழையாது வரும் செல்வம் பற்றிய கனவு செழித்து வளரும். லொத்தர்ச் சீட்டும் புதையற் குழியும் ஒரே வேரிற் கிளைத்தவை. எனவே குழியில் அகப்பட்டவனை மட்டும் சிறையிலிட்டு, குழி தோண்டப் பணம் தந்தவனையும் பொருளை வாங்கக் காத்திருப்பவனையும் விட்டுவிடும் நீதி அரை நீதியே.

பொன்னைத் தேடுவோனுக்கு ஒரு தம்பியும் உண்டு, பெருமையைத் தேடுவோன். இவன் மண்வெட்டி எடுப்பதில்லை, மேடையேறுகின்றான். நிலத்திலிருந்து தன் இனத்தின் பெயர் பொறித்த சான்று வந்தால் மகிழ்வான். பிறர் பெயர் வந்தால் மறைப்பான். சிங்களவரிலும் இவன் உளன், தமிழரிலும் உளன். கண்டிக்கு அண்மையிலுள்ள லங்காதிலக விகாரைக்குச் சென்று இவ்விருவரும் சிறிது நேரம் நிற்றல் நன்று. 1344 இல் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்த அப்பௌத்த ஆலயத்தின் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை எழுப்பிய தலைமைச் சிற்பி தென்னிந்தியன். பௌத்த விகாரைக்குத் தமிழிற் சாசனம் எழுதக் கூசாத ஒரு காலம் இம்மலைநாட்டில் இருந்தது என்பதே அப்பாறை கூறும் செய்தி. தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசித்து மற்றப் பாதியைக் கல்லென விடுபவன், பொன் தேடுவோனைப்போலவே ஏட்டைக் கிழிப்பவன்தான்.

கீழடியின் செங்கற் சுவரையும் ஆதிச்சநல்லூரின் தாழிகளையும் கண்டு நெஞ்சு நிமிரும் தமிழ்க் கல்விமான்கள் கலஹாவைப் பற்றி என்ன அறிவர்? இந்த வினாவே இங்கு முதன்மையானது. கலஹாவின் மலைகளிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்து மடிந்திருக்கின்றனர். அவர்களுடைய புதையல் எது? அதனைக் காப்பவர் யார்?

சட்டத்திடம் கேட்டால் அது ஒரு தேதியைச் சொல்லும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டதையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிற்பட்ட கட்டடம் ஒன்று காக்கப்பட வேண்டுமாயின் அதற்கெனத் தனி அறிவித்தல் வேண்டும். இத்தேதியை வரைந்தோர் மலையகத் தமிழரை மனத்திற் கொண்டு வரைந்தனர் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் விளைவு யாது? அம்மக்களின் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டது 1820 களிலிருந்து. கோடு 1815 இற் கிழிக்கப்பட்டமையால், ஒரு மக்கட் கூட்டத்தின் இலங்கை வரலாறு முழுவதுமே தொல்பொருள் என்னும் சொல்லுக்கு வெளியே விழுந்தது. அரசன் உண்ட தட்டு தானாகவே பாதுகாப்புப் பெறும். அம்மலையைத் தோட்டமாக்கியவன் உண்ட தகரக்கோப்பை பெறாது.

பொருள் மட்டுமா வெளியே விழுந்தது? மனிதரும் விழுந்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை வேண்டுவோர் பல்லாண்டு இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது. அந்நாளிலே பிறப்புப் பதிவொன்றோ, தோட்டத்துச் செக்றோலில் இருந்த ஒரு வரியோ, கங்காணியின் துண்டுச் சீட்டொன்றோ பொன்னினும் பெறுமதி மிக்கதாயிருந்தது. லயத்துக் கூரை ஒழுக்கிலே கரைந்துபோன ஒரு தாள் ஒரு குடும்பத்தின் நாட்டையே கரைத்துவிட்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. சான்று என்பது அறிஞரின் பொழுதுபோக்கன்று, வாழ்வா சாவா என்னும் வினா என்பதை இவ்வளவு கொடூரமாகக் கற்ற மக்கள் இந்நாட்டில் வேறிலர்.

அம்மக்களின் சான்றுகள் இன்று எங்கே? தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வீழ்ந்தவர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2023 ஆம் ஆண்டில் அவ்வழியே நினைவு நடைபயணம் சென்றோர் முன்னோரின் சமாதிகளைக் கண்டு வணங்க வழியில்லாமற் போயிற்று. கோப்பிக் காலத்துக் களஞ்சியங்களின் அடித்தளங்கள் தேயிலைச் செடிகளின் கீழ் மறைந்துள்ளன. மரத்தடி முனியாண்டிக் கல்லும் மாடசாமி மேடும் வீதி அகலிக்கப்படும்போது அகற்றப்படுகின்றன. தோட்டத்து அலுவலகங்களிற் கிடந்த பழைய பேரேடுகள் கறையானுக்கு இரையாகின்றன. லூல்கந்துரவில் டெய்லரின் குடிலிருந்த இடம் காட்டப்படுகின்றது. அவர் அமர்ந்த கல்லிருக்கை காட்டப்படுகின்றது. அது வேண்டியதே. ஆனால் அந்த 19 ஏக்கரில் முதற் கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்குரியவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. ஹந்தானையில் 1925 இற் கட்டப்பட்ட தொழிற்சாலையிலே தேயிலை அரும்பொருட்சாலை இயங்குகின்றது. உருளைகளும் இயந்திரங்களும் அங்கே மெருகுடன் நிற்கின்றன. தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் அரும்பொருட்சாலையொன்று 2007 இற் கம்பளைக்கு அண்மையிலே பழைய லயமொன்றில் அமைக்கப்பட்டது. இயந்திரத்துக்கு மாளிகையும் மனிதனுக்கு லயமுமாக அமைந்த அவ்வேறுபாட்டுக்கு உரை தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். 'லயம் அடிமை வாழ்வின் சின்னம்; அதனை இடித்து மக்களுக்கு வீடு கட்டித் தருவதைவிட்டு, பேணிக் காட்சிக்கு வைப்பதா?' இம்மறுப்பு நேர்மையானது, விடையும் நேரானது. லயங்கள் இடிக்கப்பட வேண்டும். 2014 ஒக்ரோபரிலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் மக்களோடு புதையுண்ட பின்னும் அவற்றிலேயே மனிதரைக் குடியிருத்துவோர் எவ்வகை மன்னிப்புக்கும் உரியவரல்லர். ஆனால் இடிக்குமுன் அளந்து வரைய ஒரு நாள் போதும். அங்கே பிறந்த முதியவளிடம் கேட்டெழுத இன்னொரு நாள் போதும். பத்தடி அறையில் எத்தனை பேர் உறங்கினர் என்பதை எழுதி வைக்காது இடித்துவிட்டால், நாளை அதனை மறுக்கப் போகின்றவன் அதே சுரண்டலின் வாரிசாகவே இருப்பான். கொடுமையின் தடயத்தை அழிப்பது கொடுமைக்கு உதவி. கொடுமையை நீடிப்பதோ வேறொரு குற்றம். இவ்விரண்டையும் ஒருங்கே தவிர்ப்பது இயலாத காரியமன்று.

முன்மாதிரியும் அயலிலே தேட வேண்டியதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டினார். அவர் எடுத்துச் சென்ற கருவி எழுதுகோல் ஒன்றே. அவர் பைரவனுக்குப் பலி கொடுக்கவில்லை, குழியொன்றும் தோண்டவில்லை. தோண்டியவர் பலர் வெறுங்கையோடு திரும்பிய மலைகளிலிருந்து, ஒரு மக்களின் நெஞ்சையே அவர் எடுத்து வந்தார். உண்மையான புதையல் வேட்டை எது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டா.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தொல்பொருட் சட்டத்தின் 1815 என்னும் எல்லை மீளாய்வு செய்யப்பட்டு, பெருந்தோட்டக் காலத்தின் எச்சங்களும் தாமாகவே பாதுகாப்புப் பெறும் வகை காணப்படல் வேண்டும். கம்பனிகளின் கையிலுள்ள பழைய பேரேடுகள் சுவடிக்கூடத்தைச் சேர்தல் வேண்டும். தோட்டப் பாடசாலை மாணவன் அநுராதபுரத்தின் மன்னர் வரிசையோடு, தன் தோட்டத்துக்குப் பெயர் வந்த வரலாற்றையும் கற்றல் வேண்டும். கருவியும் பணமும் தந்து குழி தோண்டுவிப்போர் முதற் குற்றவாளிகளாக நிறுத்தப்படல் வேண்டும். இவையனைத்தும் அரசு செய்யட்டும் எனத் தமிழ்ச் சங்கங்கள் கைகட்டி நிற்பதும் தகாது. ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுத்துச் சங்க காலத்தைப் புகழும் மன்றங்கள், ஆண்டுக்கொரு தோட்டத்தையேனும் தெரிந்து அதன் கோயிலையும் லயத்தையும் இடுகாட்டையும் முதியோர் நினைவையும் பதிவுசெய்யுமாயின், பத்தாண்டிலே கலஹாப் பகுதிக்கென ஒரு சுவடிக்கூடம் எழும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பேராதனையிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் பஸ் கட்டணம் போதும்.

நிலம்பை மலைகளிலே அரசனின் பொன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அஃது இன்னும் ஆயிரம் ஆண்டு பொறுத்திருக்கும், பொன் துருப்பிடிப்பதில்லை. முதியோரின் நினைவுக்கோ அத்துணை ஆயுள் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு பேரேடு உக்குகின்றது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிழவியோடு ஒரு தோட்டத்தின் கதை சுடுகாடு செல்கின்றது. எதை முதலில் எடுப்பது என்பதில் அறிவுடையோர்க்கு ஐயம் எழ நியாயமில்லை.